இயற்கையை வைத்து ஆடும் பலகை விளையாட்டுகள்: அப்பாவுக்குப் பெட்டி வாங்கலாமா, டேப்லெட்டே போதுமா?

கன்னங்குறிச்சி_கயல் | வெள்ளி, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். அப்பா ஏற்காட்டில், நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக வேலை பார்த்தவர். முழங்கால் தேய்ந்துவிட்டதால் இப்போது மேடேற முடிவதில்லை. சனி, ஞாயிறு நான் மேலே போய்விடுவேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து விடாத மழை. டேப்லெட்டில் விங்ஸ்பேன் வைத்திருக்கிறேன். பறவைகளை வைத்து ஆடும் அட்டை விளையாட்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா கட்டிலில் படுத்திருந்தார். நான் பாட்டுக்குக் கணினியோடு ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு அட்டையை இறக்கியதும் டேப்லெட்டிலிருந்து துணி கிழிவதுபோல ஒரு அலறல். அப்பா கண்ணைத் திறக்காமலே "கூகை" என்றார். திரையை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது அவருக்குப் படிக்க வராது.

"நம்ம குடோன் ஓட்டுக்கு அடியில குடும்பமா இருந்துச்சு. எலி புடிக்குதுன்னு யாரும் வெரட்ட மாட்டோம்" என்றார். அந்தக் கூகை அட்டைக்கும் விளையாட்டில் அதே வேலைதான்: பகடையை உருட்டி எலி விழுந்தால் எடுத்துப் பதுக்கி வைத்துக்கொள்ளும். அதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராத்திரி பத்து மணி வரை மாற்றி மாற்றி ஆடினோம்.

ஒரு சிக்கல் என்னவென்றால், அவர் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. தொடுதிரை பல சமயம் அவர் தொட்டதை ஏற்பதில்லை. மூன்று தடவை, நான்கு தடவை அழுத்துவார். அப்புறம் "நீயே தொடும்மா" என்று கையை இழுத்துக்கொள்வார். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெட்டியாக வாங்கினால் அட்டையைக் கையில் பிடித்து ஆடலாம். ஆனால் விலை கொஞ்சநஞ்சம் இல்லை, அதோடு அந்தக் குரல் போய்விடும். என்ன செய்யலாம்? இதேபோல இயற்கை சார்ந்த வேறு விளையாட்டுகள் திரையில் வந்திருப்பதில் எது நன்றாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

---

ஐந்துரோடு_பகடை | வெள்ளி, இரவு 10:05

வாங்க கயல். யோசிக்காமல் பெட்டி வாங்குங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விங்ஸ்பேனில் மொத்தம் நாலு சுற்று. முதல் சுற்றில் உங்களுக்கு எட்டு முறை, அடுத்தது ஏழு, ஆறு, ஐந்து. ஆக 26 முறைதான் ஆட்டம் முழுக்க. இதை ஆப் உங்களுக்கு ஒரு எண்ணாகக் காட்டும். பெட்டியில் அது கையில் இருக்கும் மரக்கட்டை. எட்டு கட்டையோடு தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு கட்டையை இலக்குப் பலகையில் வைத்துவிடுகிறீர்கள், அது திரும்பி வராது. கடைசிச் சுற்றில் கையில் ஐந்தே கட்டை. நேரம் தீர்ந்துகொண்டு வருவது உள்ளங்கையிலேயே தெரியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. உங்களுக்குத் தீனி வேண்டுமென்றால் கட்டையை உங்கள் பலகையில் காடு என்ற வரிசையில் வைக்கிறீர்கள். தீனியை எடுத்தபின் அதே கட்டையை வலமிருந்து இடமாக ஒவ்வொரு பறவையாக நகர்த்திக்கொண்டே வருவீர்கள். பழுப்பு நிறக் கட்டம் போட்ட பறவை ஒவ்வொன்றும் அதன் வேலையைச் செய்யும். ஒரு பறவை தானியம் தரும், அடுத்தது முட்டையிடும், அதற்கடுத்தது ஒரு அட்டையைத் தன் கீழே செருகிக்கொள்ளும். நாலு பறவை சேர்ந்தால் ஒரே முறையில் நாலு வேலை. இந்த விளையாட்டின் உயிரே அந்த வரிசைதான். திரையில் இது சடசடவென்று தானாக ஓடிவிடும். நீங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழெட்டு பேர் கூடுவோம். ஒரு தம்பி வந்தார், போனில் நிறைய ஆட்டம் ஆடியவர், எங்கள் எல்லோரையும்விட அதிகம். மேஜையில் உட்கார்ந்ததும் தன் வரிசையில் எதற்கு அடுத்து எது வரும் என்று சொல்ல முடியாமல் தடுமாறினார். ஆப் அவருக்காக அத்தனையும் செய்து கொடுத்ததால் அவர் அதை ஒருமுறைகூட மனதில் ஓட்டிப் பார்த்ததில்லை. நாலே ஆட்டம் கையால் ஆடினார். அப்புறம் எங்களால் அவரை ஜெயிக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவின் விரல் பற்றிச் சொன்னீர்களே. பெட்டியில் வரும் முட்டைகள் சின்னச் சின்னதாக, வழவழவென்று, வெவ்வேறு வெளிர் நிறத்தில் இருக்கும். அவர் கையில் அதை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

---

இருபதாம்_வளைவு | வெள்ளி, இரவு 11:20

பகடை அண்ணா சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையில் வந்ததைக் குறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

நான் ஏற்காட்டிலேயே இருக்கிறேன், வீட்டிலிருந்து மென்பொருள் வேலை. இங்கே ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டு பேரைக் கூட்ட முடியாது. கீழே இறங்கிவர இருபது கொண்டை ஊசி வளைவு, பனி விழுந்தால் ராத்திரி திரும்பவும் முடியாது. என்னோடு ஆடுபவர்களில் ஒருவர் ஆத்தூரில், இன்னொருவர் கோவையில். விங்ஸ்பேன் ஆப்பில் நான் என் முறையை ஆடி வைத்துவிட்டால் போதும், அவர்கள் நாளைக்கு ஆடலாம். ஒரு ஆட்டம் முடிய நாலைந்து நாள் ஆகும். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

விளையாட்டை உருவாக்கியவர் எலிசபெத் ஹார்கிரேவ், அமெரிக்காவில் தானே பறவை பார்க்கப் போகும் பழக்கம் உள்ளவர். பெட்டி வந்தது 2019-ல், ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதும் அதே வருஷம். அடுத்த வருஷமே போலந்தைச் சேர்ந்த மான்ஸ்டர் கவுச் நிறுவனம் டிஜிட்டலாகக் கொண்டுவந்தது. அந்த ஆளுங்கள் செய்த நல்ல காரியம், பெட்டியில் இல்லாத ஒன்றை, அதாவது குரலை, உள்ளே கொண்டுவந்ததுதான். 170 பறவைகள், ஒவ்வொன்றும் தன் குரலில் கூப்பிடும். அட்டையில் எழுத்தாக இருந்த குறிப்பை ஒருவர் வாசித்தும் காட்டுவார். படம் லேசாக அசையும். கயல் அக்காவின் அப்பா படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தாரே, பெட்டியாக இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

விரலுக்கு ஒரு வழி: தொடுதிரைப் பேனா வாங்கிக் கொடுங்கள், விலை ரொம்ப இல்லை. இல்லையென்றால் மடிக்கணினியில் போட்டு மவுஸ் கொடுங்கள். திரையும் பெரிது.

---

கன்னங்குறிச்சி_கயல் | சனி, காலை 6:40

பேனா பற்றித் தோன்றவே இல்லை தம்பி, நன்றி. இன்று மேலே போகும்போது வாங்கிக்கொண்டு போகிறேன்.

---

நிழல்மரம் | சனி, காலை 8:15

நான் சின்ன அளவில் காப்பி விவசாயம் செய்கிறவன். கயலின் அப்பா தோட்டத்தில் இருந்தவர் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவருக்கு ஃபோட்டோசிந்தசிஸ் காட்டுங்கள். 2017-ல் வந்தது, மரங்களை வைத்து ஆடுவது. போர்டு கேம் அரீனா தளத்தில் திரையிலும் ஆடலாம். எழுத்தே இல்லை, ஆங்கிலம் தெரியவேண்டிய அவசியம் இல்லை. பலகையைச் சுற்றிச் சூரியன் ஆறு இடங்களில் நின்று நின்று நகரும். சின்ன மரத்தின் நிழல் ஒரு கட்டம், நடுத்தரம் இரண்டு, பெரியது மூன்று. நிழலில் மாட்டாத மரம் வெளிச்சப் புள்ளி வாங்கும். அந்தப் புள்ளியைச் செலவழித்து விதை போடலாம், மரத்தை வளர்க்கலாம், முற்றிய மரத்தை வெட்டி மதிப்பெண்ணாக்கலாம். நடுப் பலகையில் மண் வளம் அதிகம், மதிப்பெண்ணும் அதிகம், ஆனால் அங்கேதான் எல்லோருடைய நிழலும் விழும்.

என் பையனுக்கு ஒன்பது வயது. முதலில் திரையில்தான் ஆடினான். எந்தக் கட்டத்தில் நிழல் என்பதை அதுவே சாயம் பூசிக் காட்டிவிடும். சூரியன் அடுத்து எங்கே போகும் என்று அவன் யோசிப்பதே இல்லை, இப்போது வெளிச்சமாக இருக்கிற இடத்தில் விதை போடுவான், அடுத்த சுற்றிலேயே இருட்டில் மாட்டுவான். பிறகு பெட்டி கிடைத்தது. மரங்கள் அட்டையில் வெட்டி நிறுத்திவைப்பவை. ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது, ஆட்டம் பாதியில். அவன் என் போன் டார்ச்சை எடுத்துச் சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் பிடித்தான். அட்டை மரங்களின் நிழல் நீளமாகப் பலகையில் விழுந்தது. டார்ச்சை மேலே தூக்கினான், நிழல் சுருங்கியது. தாழ்த்தினான், நீண்டது. பெரிய மரத்தின் நிழல் சரியாக மூன்று கட்டம் விழும் உயரத்தைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது. அன்றைக்கு ஆட்டத்தை நாங்கள் முடிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் சூரியனுக்கு இரண்டு இடம் முன்னால் யோசித்து விதை போடுகிறான்.

எனக்கு அந்த விளையாட்டில் ஒரே ஒரு மனக்குறை. நிழல் என்றாலே அதில் நஷ்டம். எங்கள் தொழிலில் அப்படி இல்லை. அரபிகா செடி நிழலில்தான் நன்றாக இருக்கும். சில்வர் ஓக்கும் பலாவும் மேலே நிற்கும், ஓக்கின் மேல் மிளகுக்கொடி ஏறும், கீழே காப்பி. மழைக்கு முன்னால் மேல்மரங்களில் கிளை கழித்து வெளிச்சத்தை அளவாக உள்ளே விடுவோம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் மேஸ்திரியின் திறமை இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி இந்த மலைக்கு வந்தது. அன்றிலிருந்து இங்கே நடப்பது நிழலை நிர்வகிக்கிற வேலைதான். நிழலை விற்கவும் வாங்கவும் முடிகிற மாதிரி ஒரு விளையாட்டு யாராவது செய்தால் முதல் ஆளாக வாங்குவேன். கயலின் அப்பா இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

---

மூக்கனேரி_முக்குளிப்பான் | சனி, பகல் 12:30

நிழல்மரம் ஐயா, டார்ச் கதையைப் படித்துவிட்டு வேலை செய்யவே முடியவில்லை. அருமை.

பறவை பார்ப்பவளாக இரண்டு வார்த்தை. விங்ஸ்பேன் முதல் பெட்டி முழுக்க வட அமெரிக்கப் பறவைகள். ஆனாலும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவை சில உண்டு. தகைவிலான் அட்டை இருக்கிறது, குளிர்காலத்தில் மூக்கனேரி மேல் தாழப் பறக்குமே, அதேதான். விரால் அடிப்பான் இருக்கிறது. பொரி வல்லூறு இருக்கிறது. தட்டைவாயன் வாத்து இருக்கிறது. கூகை விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம்: அமெரிக்கக் கூகையையும் நம் பக்கத்துக் கூகையையும் இப்போது தனித்தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள், 2024-ல் ஒரு முக்கியமான பறவைப் பட்டியல் அப்படி மாற்றியது. அலறல் ஒரே மாதிரி இருப்பதால் உங்கள் அப்பா சொன்னது சரியே.

பெட்டிதான் வாங்குவது என்று முடிவானால் முதல் பெட்டிக்குப் பதிலாக 2022-ல் வந்த விங்ஸ்பேன் ஆசியாவை வாங்குங்கள். தொண்ணூறு ஆசியப் பறவைகள். மற்ற கூடுதல் பெட்டிகள் போல இல்லாமல் இதை முதல் பெட்டி இல்லாமலே ஆடலாம், ஒருவரோ இருவரோ ஆடலாம். நீங்கள் இரண்டு பேர்தானே. இருவர் ஆட்டத்துக்கென்று நடுவில் ஒரு பொதுப் பலகை உண்டு. பறவையை இறக்கும்போதெல்லாம் அதில் ஒரு இடத்தைப் பிடிக்கவேண்டும், கிட்டத்தட்ட இடம் பிடிக்கும் சண்டை.

குரல் போய்விடுமே என்ற கவலைக்கு ஒரு மருந்து இருக்கிறது. விங்சாங் என்று ஒரு செயலி. அட்டையைப் போன் கேமராவுக்குக் காட்டினால் அந்தப் பறவையின் குரல் ஒலிக்கும். அட்டை கையில், குரல் காதில்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய விஷயம். பெட்டியில் நாமே ஒரு அட்டை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். திரையில் உள்ளே இருப்பதுதான் இருக்கும். சேர்வராயன் மலையில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் பறவை, உலகத்தில் வேறெங்கும் இல்லை, எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. அதற்கு நான் ஒரு அட்டை வரைந்து வைத்திருக்கிறேன். தீனிக்கு ஒரு பழம், ஒரு புழு. என்ன திறமை கொடுப்பது என்பதில்தான் மூன்று மாதமாக முடிவுக்கு வரமுடியாமல் இருக்கிறேன்.

---

பாறைக்கோடு | சனி, மாலை 5:50

உங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இந்த இழையில் ஆடுபுலி ஆட்டத்தை யாருமே சொல்லாதது எனக்கு வருத்தம்.

மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 முனை. கோயில் மண்டபத் தரையிலும் சாவடித் திண்ணையிலும் கோடு கீறி வைத்திருப்பார்கள். ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் இறக்கவேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலி அதற்குள் நகரும், அடுத்த முனையில் ஆடும் அதற்கு அப்பால் காலி முனையும் இருந்தால் தாண்டி வெட்டும். ஆடு ஜெயிக்க ஒரே வழி, புலி மூன்றும் அசைய முடியாதபடி அடைப்பது. இரு பக்கமும் காய் வேறு, நடை வேறு, குறிக்கோள் வேறு. இதைவிட இயற்கை சார்ந்த வியூக விளையாட்டு என்ன இருக்கிறது? 2018-ல் வந்த ரூட் என்ற காட்டு விலங்கு விளையாட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி விதி என்று என் மாணவன் ஒருவன் ஆச்சரியமாகக் காட்டினான். அதன் திரை வடிவமும் நன்றாகத்தான் இருக்கிறது. அவனுக்கு அன்றைக்கே தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கோடு போட்டுக் காட்டினேன்.

திரையில் ஆடுபுலி ஆடிப் பார்த்தேன். நான் இறக்கிய செயலியில் ஒரு ஆடு வெட்டுப்பட்டதும் ஒரு விளம்பரம். அதை மூடினால் அடுத்தது. யோசனையே அறுந்துபோகிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கணினி இந்த வகை ஆட்டத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நேபாளத்தில் பாக்சால் என்று இதே குடும்பத்து ஆட்டம், நாலு புலி, இருபது ஆடு, 25 முனை. இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும் என்று கணினியால் கணக்கிட்டு நிறுவியிருக்கிறார்கள். நம் ஆட்டத்தையும் அப்படி முழுதாக அலசவேண்டும் என்பது என் ஆசை. இந்த இழையில் மென்பொருள் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறதே.

---

இருபதாம்_வளைவு | சனி, இரவு 8:30

சார், வணக்கம். கட்டாயம் செய்யலாம். 23 முனைதான் என்பதால் நிலைகளின் எண்ணிக்கை இன்றைய மடிக்கணினிக்குக் கட்டுப்படும் அளவில்தான் இருக்கும். வெட்டுப்பட்ட ஆட்டின் கணக்கு, இன்னும் இறங்காத ஆட்டின் கணக்கு இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பதில்கூட. நீங்கள் எந்த விதியில் ஆடினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அதையே வைத்துக்கொள்கிறேன். விளம்பரம் இருக்காது.

அப்புறம், கயல் அக்கா கேட்ட 'வேறு எது' என்பதற்கு: எவல்யூஷன். பெட்டி 2014, திரையில் 2019. ஒரு உயிரினத்தை உருவாக்கி அதற்குக் குணங்களை ஏற்றுவது. நீண்ட கழுத்து, கடினமான ஓடு, கொழுப்புத் திசு, மரமேறுதல் என்று. நடுவில் ஒரு நீர்நிலை. ஒவ்வொருவரும் ஒரு அட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள், திறந்து கூட்டினால் வருவதுதான் அந்தச் சுற்றுக்கு எல்லோருக்குமான தீனி. உங்கள் பிராணிக்குக் கொழுப்புத் திசு இருந்தால் தீனியைக் குறைத்து வைத்து மற்றவர்களைப் பட்டினி போடலாம். யாராவது ஒருவர் தன் பிராணியை ஊனுண்ணியாக மாற்றிவிட்டால் எல்லோர் கணக்கும் தலைகீழ்.

திரையில் இதுதான் நான் பார்த்ததில் மிகச் சுத்தமாக வந்த ஒன்று. மேஜையில் ஆடும்போது யார் யாரைத் தாக்கலாம், யாருக்கு எது தடை என்று ஒவ்வொரு குணமாகப் படித்துப் பார்க்கவேண்டும். திரையில் தாக்க முடிந்த பிராணிகள் மட்டும் ஒளிரும். பகடை அண்ணாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்!

---

ஐந்துரோடு_பகடை | சனி, இரவு 9:15

பிடிக்காது என்று இல்லை தம்பி. எவல்யூஷனில் அந்த ஒளிர்வு தேவைதான், இல்லையென்றால் பாதி நேரம் சட்டம் பேசியே போய்விடும். நான் சொல்வது வேறு. எங்கே கணக்கு போடுவதுதான் விளையாட்டோ அங்கே திரை அதைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. எங்கே கணக்கு வெறும் சுமையோ அங்கே எடுத்துக்கொள்ளட்டும்.

காஸ்கேடியாவை எடுத்துக்கொள்ளுங்கள், 2022-ல் ஜெர்மனியின் ஷ்பீல் தெஸ் யாரெஸ், அதாவது வருஷத்தின் சிறந்த விளையாட்டு விருது வாங்கியது. கயலுக்கும் அப்பாவுக்கும் இதுவும் நன்றாகப் பொருந்தும். அறுகோணத் துண்டும் ஒரு விலங்கு வில்லையும் ஜோடியாக எடுத்து வைப்பது, ஆளுக்கு இருபது முறை, அவ்வளவுதான். மலை, காடு, புல்வெளி, ஈரநிலம், ஆறு. கரடி, கடம்பை மான், சால்மன், பருந்து, நரி. விதி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் கடைசியில் மதிப்பெண் கூட்டுவது பெரிய வேலை. ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கணக்கு, ஒவ்வொரு நிலத்துக்கும் தனிக் கணக்கு. அதைத் திரை கூட்டித் தந்தால் எனக்குச் சந்தோஷமே. இன்னொரு நல்லது, பாதி ஆட்டத்திலேயே இப்போது எவ்வளவு என்று தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு அது ஒரு கைவிளக்கு மாதிரி.

முக்குளிப்பான் சொன்ன விங்சாங் பற்றி எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. குரல் விஷயத்தில் நான் நேற்று அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். கயல், வாங்குவதற்கு முன்னால் என் பெட்டியை எடுத்துப்போங்கள். ஒரு வாரம் வைத்திருந்து ஆடிப் பாருங்கள். ஞாயிறு காலை அஸ்தம்பட்டியில் வந்து தரட்டுமா?

---

கன்னங்குறிச்சி_கயல் | சனி, இரவு 10:40

அண்ணா, இப்போது மேலே அப்பாவோடு இருக்கிறேன். அடுத்த வெள்ளி மாலை வந்து வாங்கிக்கொள்கிறேன். ரொம்ப நன்றி.

பேனா வேலை செய்கிறது. ஆனால் பென்சில் பிடிப்பதுபோல அப்பாவுக்குப் பழக்கமில்லை, முஷ்டியில் பிடித்துக் குத்துகிறார்.

நிழல்மரம் ஐயா, ஃபோட்டோசிந்தசிஸ் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் கேட்டார், "ஏம்மா, மரத்த வெட்டுனாதான் மார்க்கா?" ஆமாம் என்றேன். "கெளைய மட்டும் கழிச்சா?" அதற்கு இதில் வழி இல்லை என்றேன். "அப்ப இத செஞ்சவங்க தோட்டம் பாத்ததில்ல" என்றார். நீங்கள் எழுதியதை அப்போது வாசித்துக் காட்டினேன். உங்கள் தோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்.

---

நிழல்மரம் | ஞாயிறு, காலை 7:05

செம்மநத்தம் பக்கம் என்று சொல்லுங்கள். நேரில் வந்து பார்க்கிறேன் அவரை. கிளையைக் கழித்தால் நிழல் நீளம் ஒன்று குறையும், கழித்த கிளைக்கு ஒரு வெளிச்சப் புள்ளி செலவு, ராத்திரி இப்படி ஒரு விதி எழுதி வைத்தேன். பெட்டியில் ஆடிப் பார்க்கலாம். மரத்தின் மேல் ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் கழித்த மரம் என்று அடையாளம்.

---

கன்னங்குறிச்சி_கயல் | அடுத்த ஞாயிறு, இரவு 9:50

பகடை அண்ணாவின் பெட்டியோடு இரண்டு நாள் போனது. விவரம் எழுதுகிறேன், நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த உதவி இது.

முதல் ஆட்டம் மூன்று மணி நேரம். அப்பா ஒவ்வொரு அட்டையையும் எடுத்து என்னிடம் கொடுப்பார், நான் போனைக் காட்டிக் குரலைப் போடுவேன், அவர் கேட்பார். தெரிந்த பறவையானால் எந்த மரத்தில், எந்த மாதத்தில் என்று ஒரு கதை வரும். தெரியாததானால், "இது நம்மளுது இல்ல" என்று வைத்துவிடுவார். மரக்கட்டையைப் பறவைமேல் வலமிருந்து இடமாக நகர்த்துவதை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. பழம் பறிப்பு நாளில் வரிசை பிடித்து ஆளுக்கு ஒரு நிரை பிரித்துவிடுவாராம், அதே மாதிரிதான் என்றார். இரண்டாவது ஆட்டத்தில் முதலிலேயே, முட்டை வைப்பதற்கான புல்வெளி வரிசையில் மூன்று பறவை நிறுத்திவிட்டார். கடைசிச் சுற்றில் முட்டை முட்டையாக வைத்தார். 74 எடுத்தார், நான் 61. முட்டைகளை ஆட்டம் முடிந்தும் பெட்டிக்குள் போடவிடவில்லை, நிறவாரியாகத் தட்டில் பிரித்து வைத்தார்.

டேப்லெட்டை விட்டுவிடவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை நான் கீழே இருக்கிறேன் அல்லவா, வளைவுத் தம்பி சொன்ன மாதிரி ஒரு நாளைக்கு ஒரு முறை என்று ஆடலாம் என்று இருக்கிறோம். காலையில் காப்பி குடித்ததும் அவர் தன் முறையை ஆடுவார், ராத்திரி நான் என்னுடையதை ஆடுவேன். பேனாவுக்கு அடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்திருக்கிறேன், இப்போது பிடிக்க வாட்டமாக இருக்கிறதாம். அப்பா போனில் கூப்பிட்டு "ஆடிட்டேன், பாரு" என்று சொல்லும் நேரத்துக்காக இப்போதே காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்.

விங்ஸ்பேன் ஆசியா பெட்டி சொல்லிவிட்டேன், வந்துவிடும்.

முக்குளிப்பான் அக்கா, உங்கள் மஞ்சள்தொண்டைச் சின்னான் பற்றி அப்பாவிடம் கேட்டேன். பெயர் அவருக்குத் தெரியவில்லை. படத்தைக் காட்டியதும், பாறை ஓரத்துப் புதரில் உட்கார்ந்து கத்தும், கிட்டப் போனால் சட்டென்று சரிவில் இறங்கி மறைந்துவிடும் என்றார். திறமை என்ன கொடுக்கலாம் என்றேன். வேறு யாராவது பக்கத்து இடத்தில் பறவை இறக்கினால் இது வேறு வரிசைக்கு நகர்ந்துகொள்ளட்டும் என்கிறார். செம்போத்துக்கும் ஒரு அட்டை வேண்டுமாம்.

---

மூக்கனேரி_முக்குளிப்பான் | அடுத்த ஞாயிறு, இரவு 10:20

மூன்று மாதமாகத் தேடிய விதி இதுதான் கயல். அடுத்தவர் முறையில் வேலை செய்வது என்றால் இளஞ்சிவப்புக் கட்டம் போடவேண்டும். இன்று ராத்திரியே மாற்றி வரைகிறேன். செம்போத்துக்கு உருவம் நான் வரைந்துவிடுவேன், என்ன தின்னும், எங்கே கூடு கட்டும் என்பதை அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளலாம். வரும் சனிக்கிழமை மேலே வரட்டுமா? பாறைக்கோடு சாரையும் அழைத்துவருகிறேன், அவர் உங்கள் அப்பாவோடு ஆடுபுலி ஆடவேண்டும் என்கிறார்.

---

கன்னங்குறிச்சி_கயல் | அடுத்த ஞாயிறு, இரவு 10:31

வாங்க அக்கா. அப்பா புலிப் பக்கம்தான் ஆடுவாராம், இப்போதே சொல்லச் சொன்னார்.